பாதி மஞ்சள், பாதி சிவப்பு

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பீங்கான் பந்து பல வருடமாக என் பையில் கிடக்கிறது. முழுச் சிவப்பு. வேப்பூர் ஓட்டலில் மாவாட்டியபோதும், லாரியில் கிளீனராகத் திரிந்தபோதும் கூடவே வந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கடலில் வாழும் தட்டைப்புழுவின் கருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பந்தால் வந்ததுதான்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் நிறம் பூசிக்கொண்டிருந்தேன். கடற்கரைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்துவந்த மேடம், கருவின் மாதிரி செய்து தரக் கேட்டு வந்தார். கல்லுக்கடியில் ஊரும், காகிதம்போல் மெல்லிய புழு. அதன் முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகுமாம். ஒரு செல்லுக்கு ஒரு பந்து. தோலாகப் போவது நீலம், சதையாகப் போவது சிவப்பு, குடலாகப் போவது மஞ்சள்.

"இது ஒண்ணு மட்டும் பாதிப் பாதிங்கண்ணே," என்றார். "இதுலேருந்து சதையும் வருது, குடலும் வருது. நத்தைக்கும் மண்புழுவுக்கும்கூட இதே எடத்து செல்லுதான் சதையக் குடுக்குது. எல்லாம் ஒரு காலத்துல ஒரே வூட்டுலேருந்து பிரிஞ்சதுங்க."

"அப்ப பங்காளிங்கன்னு சொல்லுங்க," என்றேன். சிரித்தார். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் அவருடைய வாதம் முழுவதும் அந்த ஒரு செல்லின் மேல்தான் நின்றது. எந்தப் பந்துக்கு எந்த நிறம் என்ற தாளிலும் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: இரண்டு நிறம், தவறல்ல.

படித்தேன். படித்துவிட்டுத்தான் முழுச் சிவப்பாகப் பூசினேன். ஒரே பந்தில் இரண்டு நிறம் பூசினால் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஓடிவிடும், படித்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைத்தேன்.

தேர்வன்று காலை வந்தவர் அந்தப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் எங்கண்ணே?"

"பூசினேன் மேடம். சூளையில ஓடிப்போச்சு."

நம்பிவிட்டார். "சூளைக்கு என்னங்க தெரியும்," என்று பந்தை மட்டும் என் மேசையில் வைத்தார். "அந்த எடம் பொக்கையாவே இருக்கட்டும். போயிட்டு வரேண்ணே."

மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் போனார். தேறினாரா என்று தெரியாது. கேட்கத் துணிவில்லாமல் அடுத்த மாதமே நானும் ஊரைவிட்டுப் போனேன்.

இந்த வருடம் அதே பட்டறைக்குத் திரும்பியிருக்கிறேன். போன வாரம் ஒரு பந்தில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு பூசி, பொம்மைகளோடு சூளையில் வைத்தேன். நிறம் ஓடியிருக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், நடுக்கோடு நூல் பிடித்ததுபோல் நின்றது.

இப்போது பையில் இரண்டு பந்துகள். நடந்தால் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்கிறது.