கொட்பிறியின்ர பிழைக் கொப்பி

லப்டொப்பைத் திறக்க முதல் கொட்பிறி அதின்ர மூடியில பெருவிரலால சின்னச் சிலுவை ஒண்டு போடுவார். பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்து வலக்கைப் பக்கம் வைச்சு, அதுக்கு மேல உள்ளங்கையைப் பொத்துவார். மன்னாரில முந்நூற்றிநாலு விளையாடின காலத்துப் பழக்கம். அந்தக் காட்ஸ் விளையாட்டில துரும்பைக் கவிழ்த்து வைச்சவன் அதுக்குக் காவல் இருக்கவேணும். கொட்பிறி காவல் இருந்தால் ஆண்டவரே இறங்கி வந்தாலும் எட்டிப் பாக்கேலாது. இப்ப துரும்பு இல்லை, போன்தான். காவல் மட்டும் அதே காவல்.

திங்கட்கிழமை விடிய ஏழு மணி. ஆடி மாதமெண்டால் இஞ்ச குளிர்காலம், மழைத் தூறல் வேற. பிளாக்டவுன் சனமெல்லாம் ரயிலுக்கு ஓடுது. அமெரிக்காக்காரனுக்கு அப்பதான் ஞாயிறு பின்னேரம். இன்ரநெற்றில நடக்கிற பெரிய போக்கர் போட்டியெல்லாம் அந்த நேரந்தான் தொடங்கும். அதுக்காகவே மனுசன் ரெண்டு வருசத்துக்கு முதல் சனி ஞாயிறு வேலையைக் கேட்டு வாங்கி, திங்களை லீவாக்கினவர். ஐஸ் மீன் பெட்டி அடுக்கிற கோடவுனில ஃபோர்க்லிஃப்ட் ஓடுறார். பெண்சாதி அன்னமலர் வயசு போனாக்களின்ர இல்லத்தில திங்கள் தொடங்கி வெள்ளி மட்டும் வேலை. அப்ப ரெண்டு பேரும் எப்ப சந்திக்கிறது? ஃபிரிட்ஜ் கதவிலதான். அவ ஒரு துண்டு ஒட்டுவா, "புட்டு இருக்கு." இவர் அதுக்குக் கீழ ஒண்டு ஒட்டுவார், "சாப்பிட்டிட்டன்." ரெண்டு வருசத்துக் காதல் கடிதம் முழுக்க அவ்வளவுதான்.

போன கிழமை டினேஷ் ஒரு கதை சொன்னான். கோடவுனில கொட்பிறிக்கு மேல நிக்கிற சுப்பவைசர் அவன், வயசில மகன் மாதிரி. "அண்ணை, திங்கள் – வெள்ளி டே ஷிஃப்ட் ஒண்டு காலி. உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறன். வாற திங்கள் நாலு மணிக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லுங்கோ. விட்டால் இனிக் கிடையாது." கொட்பிறி வீட்ட வந்து அன்னமலருக்கு முன்னால நிண்டு, மடு மாதா படத்தைத் தொட்டு ஆணையிட்டார். "திங்கள் கடைசி மேசைக்கு வராட்டி டினேஷுக்கு ஓம் சொல்லுறன், அன்னம். அதோட போக்கரையும் விட்டிடுறன்." போட்டியில ஆயிரக்கணக்கில ஆக்கள் தொடங்கி, கடைசி ஒன்பது பேர் ஒரே மேசைக்கு வருவினம். அந்த மேசையைக் கொட்பிறி இன்னும் கண்டதில்லை.

காணாதது படிப்பில்லாமலெண்டு மட்டும் சொல்லக்கூடாது. கோடு போட்ட கொப்பி ஒண்டு வைச்சிருக்கிறார். சின்னனில பாவசங்கீர்த்தனத்துக்குப் போக முதல் பாவத்தையெல்லாம் துண்டில எழுதிக்கொண்டு போன பிள்ளை. அதே மாதிரித்தான் இப்ப விளையாட்டில விட்ட பிழைக்கு நம்பர் போட்டு எழுதுறார். எழுதி முடிய நெஞ்சில மூண்டு தரம் தட்டுவார், பக்கத்து வீட்டு நாய் எழும்பிற மாதிரி. முப்பத்தேழு: கோவத்தில எல்லாக் காசையும் தள்ளினது. தொண்ணூறு: சின்னச் சோடியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தது. எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட மனுசன், இந்தக் கொப்பியைப் படிச்ச மாதிரி அங்க படிச்சிருந்தால் இண்டைக்கு இருதய டொக்டர். ஒரு பிழையை ரெண்டாந்தரம் விடவே மாட்டார். ஒவ்வொரு திங்களும் புதுசாத்தான் விடுவார்.

அண்டைக்கு நாலு போட்டியில இறங்கினார். முதலாவதில இருந்து இருபது நிமிசத்தில வெளிய. இருநூற்றி ஒன்பது: அவதி, அவசரப்பட்டது. ரெண்டாவதில தேத்தண்ணி போட எழும்பிப் போக, நேரம் முடிஞ்சு நல்ல கை ஒண்டு தானா மடிஞ்சுது. இருநூற்றிப் பத்து: தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியும் குடிக்காமல் ஆறிச்சுது. மூண்டாவதில ஒருத்தன் சும்மா வெருட்டுறான் எண்டு நினைச்சு எல்லாத்தையும் வைச்சார். அவன் வெருட்டேல்லை. நெஞ்சில தட்டித் தட்டி மத்தியானத்துக்குள்ள பெனியன் தேய்ஞ்சு போச்சு.

நாலாவது போட்டிதான் மனுசனைச் சாக்காட்டினது. ஆயிரத்தி எண்ணூறு பேரில தொடங்கி, ரெண்டு மணிக்குப் பதினாலு பேர் மிச்சம். கொட்பிறி மூண்டாம் இடம்! இன்னும் அஞ்சு பேர் விழுந்தால் கடைசி மேசை. கதிரையில இருந்து ஒரு சாண் மேல மிதந்தார்.

அந்த நேரம் பாத்து ஒருத்தன் அதே மேசைக்கு வந்து குந்தினான். பேர் 'மன்னார் கழுதை', ஊர் ரோட்டெல்லாம் திரியிற அதே கழுதை.

கொட்பிறிக்குக் கண் கலங்கிப் போச்சு. "அட, எங்கட பெடியன்!" ஸ்கிரீனைத் தடவினார். பெடியனிட்ட பந்தயச் சிப்ஸ் ஒரு கைப்பிடிதான். பாவம், உள்ளதெல்லாத்தையும் நடுவில தள்ளிப்போட்டு இருக்கிறான். கொட்பிறியின்ர கையில ரெண்டு ராசா. குருடனும் மடிக்காத கை. ஆனா முந்நூற்றிநாலில சொந்தக் கூட்டாளியை வெட்டினவனோட மன்னாரில ஆரும் பிறகு முகம் பாத்துக் கதைக்க மாட்டினம். "நீ பிழைச்சுப் போ, தம்பி," எண்டிட்டு ரெண்டு ராசாவையும் மடிச்சார்.

பிழைச்ச தம்பி சும்மா இருக்கேல்லை. அடுத்தடுத்த கையில மூண்டு பேரைத் திண்டு கொழுத்தான். மிச்சம் பதினொரு பேர். இப்ப கொட்பிறிக்கு ஆசும் ராணியும் வந்துது. எல்லாத்தையும் தள்ளினார். தம்பி மடிப்பான், செய்த நன்றி இருக்குமெல்லே? தம்பி கண் மூடி முழிக்கிறதுக்குள்ள தானும் காசை வைச்சு எதிர்த்து வந்தான், ரெண்டு ஏழோட. மேசையில விழுந்த அஞ்சு காட்ஸிலயும் ஒரு ஆசு இல்லை, ஒரு ராணி இல்லை; ஏழுச் சோடி வெண்டுது. கொட்பிறி பதினொராவதா வெளிய.

போக முதல் இங்கிலிஸ் எழுத்தில தமிழைத் தட்டிக் கேட்டார், "தம்பி, மன்னாரில எந்த இடம்?" பதில் இங்கிலிசில வந்துது. மன்னார் எண்டது மட்டும் விளங்கிச்சாம்; ஒருக்கா சுத்திப் பாக்கப் போனவனாம், கழுதையள் நல்ல வடிவாம். அப்பதான் பேருக்குப் பக்கத்தில கிடந்த கொடி கண்ணில பட்டுது. பின்லாந்து.

அன்னமலர் மூண்டரைக்கு வந்தா. சப்பாத்தைக் கழட்டேக்கையே லப்டொப் மூடிக் கிடக்கிறதைக் கண்டிட்டா.

"எத்தினையாவது?"

"பதினொண்டு."

"ஒன்பதுதானே அந்தக் கடைசி மேசை?"

"ஓம்."

"அப்ப டினேஷுக்குச் சொல்லியாச்சோ?"

கொட்பிறி கொப்பியைத் தூக்கினார். "முதல் இதைக் கேளும் அன்னம். இண்டைக்குப் பெரிய பாடம் ஒண்டு. இருநூற்றிப் பன்னிரண்டு: கொடியைப் பாக்காமல் ஊர்க்காரன் எண்டு நம்பினது. இனி என்ர சீவியத்தில இந்தப் பிழை வராது."

"வராது. எனக்குத் தெரியும்." அன்னமலர் குளிர்க் கோட்டையும் கழட்டாமல் முன் கதிரையில இருந்து கொப்பியை வாங்கினா. இவ்வளவு காலத்தில அதை அவ தொட்டது அதுதான் முதல் தரம். முதல் ஏட்டில இருந்து ஆறுதலாப் புரட்டினா. "முழுக்க விளையாட்டுக்குள்ள விட்ட பிழை. லப்டொப்பைத் திறந்ததை ஒரு இடமும் எழுதக் காணேல்லையே, இஞ்சருங்கோ?"

கொட்பிறி சிரிக்கப் பாத்தார். அரைவாசிதான் வந்துது.

"மாதாவில ஆணையிட்டதை நான் சொல்லிக் காட்டேல்லை," எண்டா அவ. "எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைச்சாலே காணும். ரெண்டு பேருமா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு விளைமீன் வாங்கி வரவேணும். மீன் பெட்டி அடுக்கிற மனுசனோட மீன் வாங்கப் போக ரெண்டு வருசமாக் காத்திருக்கிறன்."

மனுசன் கொப்பியைத் தன்ர பக்கம் இழுத்து, பேனையை எடுத்து, இருநூற்றிப் பதின்மூண்டு எண்டு நம்பரைப் போட்டு, ஒரு புள்ளி வைச்சார். பேனை அந்தப் புள்ளியிலயே நிண்டுது. மை ஊறி ஊறி மிளகளவு ஆச்சு.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம். மேசையில போன் அதிரத் தொடங்கிச்சுது.

"டினேஷ்தான். எடுங்கோ," எண்டா அன்னமலர்.

கொட்பிறி பேனையை வைச்சார். போனைக் கையில எடுத்து டினேஷின்ர பேரை ஒருக்கா வாசிச்சார். பிறகு அதை மெல்லமாக் குப்புறக் கவிழ்த்து, வலக்கைப் பக்கம் வைச்சு, மேல உள்ளங்கையைப் பொத்தினார். கைக்குக் கீழ அது அடங்குமட்டும் கையை எடுக்கேல்லை.