எர்மெலிண்டா ஊற்றிய அரைக் கிளாஸ்

எங்கள் மார்க்கெட்டில் ஜூஸ் விற்கிறவர்கள் பதினொரு பேர். வரிசையாக நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கையை ஆட்டிக் கூப்பிடுவார்கள். எல்லாரும் மரியாதையாக டோன்யா என்கிற எர்மெலிண்டா போமா மட்டும் யாரையும் கூப்பிட மாட்டார். அவருடைய பெஞ்சில் இடம் கிடைக்காமல் நிற்கிறவர்களைத்தான் மற்ற பத்துப் பேரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் அவருடைய மிக்ஸி ஜார். அதில் ஒன்றரை கிளாஸ் பிடிக்கும். பப்பாளி, ஆரஞ்சு, கேட்டால் ஒரு முட்டை, கொஞ்சம் கறுப்பு பீர். அடித்து, ஒரு கிளாஸ் ஊற்றி முன்னால் வைப்பார். நீங்கள் பாதி குடித்ததும், ஜாரில் மிச்சமிருக்கிற அரைக் கிளாஸையும் கேட்காமலே கொண்டுவந்து கவிழ்ப்பார். அதற்குப் பெயர் யாப்பா. காசு கிடையாது. யாப்பா எல்லாக் கடையிலும் உண்டுதான். ஆனால் மற்றவர்கள் ஜாரை வழித்து நாலு சொட்டு விடுவார்கள்.

அவர் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டார். "லாரியையாவது திருப்பி அனுப்பியிருக்கலாம்" என்று எர்மெலிண்டா சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. தனியாளாக ஆரஞ்சு மூட்டை தூக்கி, இருபது வருஷத்தில் அந்தக் கடையைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

வரி கட்டுவதில் அவரைப்போல ஒழுங்கான ஆள் கிடையாது. சின்னக் கடைகளுக்கென்று ஒரு சின்ன வரி இருக்கிறது. மாதம் இவ்வளவுக்குக் கீழே விற்றால் ஒரே தொகையை பாங்கில் கட்டிவிட்டு வந்து வேலையைப் பார்க்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால் நீங்கள் பெரிய ஆள். நூற்றுக்குப் பதினெட்டு வரி, கணக்கு எழுத ஒரு ஆள், கிளாஸ் கிளாஸுக்கு ரசீது. பெரிய ஆளாவதற்கு இவ்வளவு பயப்படுகிற ஜனங்களை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். எர்மெலிண்டா எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தார். அந்தக் கொஞ்சத்தில்தான் கடை நின்றுகொண்டிருந்தது.

மார்ச் மாதம் வரி ஆபீஸிலிருந்து வில்பெர் என்று ஒருத்தர் வந்தார். அட்டையைக் காட்டிவிட்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். ஆறு நாள் வியாபாரத்தைப் பார்த்து எழுதுவாராம். அதை வைத்து மாதக் கணக்குப் போடுவார்களாம்.

"என்ன போடட்டும் டாக்டர்?" என்றார் எர்மெலிண்டா. கையில் ஃபைல் வைத்திருக்கிற எல்லாரும் எங்களுக்கு டாக்டர்தான்.

"வேண்டாம்மா. டியூட்டியில இருக்கேன்."

"டியூட்டியில இருக்கறவங்களுக்குத்தான் தாகம் எடுக்கும். குடிங்க."

குடித்தார். காசும் கொடுத்தார். பாதி குடித்ததும் எர்மெலிண்டா வழக்கம்போல ஜாரைக் கவிழ்த்தார். வில்பெர் பேனாவை எடுத்து நோட்டில் இன்னொரு கோடு போட்டார். கிளாஸில் ஜூஸ் விழுந்தால் ஒரு கோடு, அவ்வளவுதான் அவர் கணக்கு. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

உருளைக்கிழங்கு விற்கிற டோன்யா நியேவெஸ் ஒரு யோசனை சொன்னார். "நல்லா ஊத்துடி. நீ எவ்வளவு தாராளம்னு அந்தாளு கண்ணால பாக்கட்டும். காசு சேக்கற ஆளு இல்லைன்னு புரிஞ்சா விட்ருவான்." மார்க்கெட்டே அப்படித்தான் நம்பியது. எர்மெலிண்டாவும் நம்பினார். அந்த வாரம் ஒரு மூட்டை ஆரஞ்சு கூடுதலாக வாங்கினார். இரண்டாவது யாப்பா, மூன்றாவது யாப்பா என்று ஊற்றினார்.

எங்கள் யோசனை வேறு. அந்த ஆளைக் குழப்பி ஓட வைப்பது. சனிக்கிழமை நானும் என் சிநேகிதன் யோர்ச்சும் வகுப்பிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனோம். மூன்று வாய் குடிப்பது, கிளாஸை நீட்டுவது. "கசேரா, யாப்பா! இங்க யாப்பா, கசேரா!" கடைக்காரியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். "வயிறா, சாக்கடையாடா இது?" என்று திட்டிக்கொண்டே ஊற்றினார். வில்பெருக்கு வியர்த்தது. ஆனால் குழம்பவில்லை. ஒரு கோடுகூட விடாமல் போட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கோடுகளின் கணக்கில் எர்மெலிண்டா பெரிய ஆளாகிவிட்டார்.

எர்மெலிண்டா ஜாரையும் ஒரு கிளாஸையும் பையில் போட்டுக்கொண்டு வரி ஆபீஸுக்குக் கிளம்பினார். நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். ஜார் கனமாக இருந்தது.

வில்பெரின் மேஜைமேல் ஜாரை வைத்து, தண்ணீர் நிரப்பி, கிளாஸில் ஊற்றிக் காட்டினார். "இது வித்தது. ஜார்ல மிச்சம் இருக்கே, இது யாப்பா. இதுக்குக் காசு வாங்கல."

"நான் பாத்ததைத்தான் எழுதினேன்மா. காசு வாங்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"யாப்பாவுக்கு எவனாவது அத்தாட்சி வைப்பானா? நீங்களே குடிச்சீங்களே டாக்டர், நாலு தடவை!"

அவர் முகம் சிவந்தது. "சும்மா குடுத்தாலும் சட்டப்படி அதுக்கு வரி உண்டும்மா. சரக்கு கடையை விட்டு வெளிய போயிருக்குல்ல?"

"உங்க அம்மா மார்க்கெட்டுக்கே போனதில்லையா?"

"எங்கம்மா மார்க்கெட்லதான் சீஸ் விக்கறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாப்பான்னா எனக்குத் தெரியாதாம்மா? இந்தப் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. நான் எங்க எழுதட்டும்?"

எனக்கு வாய் அடங்கவில்லை. "டாக்டர், சனிக்கிழமை கோடெல்லாம் நாங்க. வேணும்னே பண்ணோம். இருபத்து மூணு பேரு."

"உனக்கு வயசு என்ன?"

"பதினஞ்சு."

"சாட்சி சொல்லப் பதினெட்டு ஆகியிருக்கணும் தம்பி."

திரும்பி வரும்போது எர்மெலிண்டா என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டே நடந்தேன். ஓர் அடி போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஜாரை நேராப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. கணக்கு எழுத ஆள் வைத்தார். ரசீது மெஷின் வாங்கினார். ஜூஸ் விலை எங்கள் காசில் ஒரு சோல் ஏறியது. யாப்பா நின்றது. ஊற்றினால் அதுவும் கோடுதானே? ஜனங்கள் பாதி குடித்துவிட்டுப் பழக்கத்தில் கிளாஸை நீட்டுவார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிவைத்த தட்டைத் திரும்பக் கழுவுவார். ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை. கிளாஸை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் மற்ற பத்துக் கடைகளில் நாலு சொட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய பெஞ்சில் நான் படுத்துத் தூங்கலாம்போல இடம் இருந்தது.

ஜூலையில் கடையை விற்றார். வரிக்கும் அபராதத்துக்கும் போக மிஞ்சியதில் ஒரு தள்ளுவண்டி வந்தது. இப்போது மந்தாரோ ஆற்றுப் பாலத்தடியில் நிற்கிறார். பேர் கிடையாது, நம்பர் கிடையாது, ரசீது கிடையாது. இருபது வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய மனுஷி இப்போது ஒரு காசு வரி கட்டுவதில்லை. மாநகராட்சிக் காவலர்கள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். இரண்டு தடவை வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அபராதம் கட்டி மீட்டார். ஐம்பத்து நாலு வயசு, முட்டி வலி வேறு.

போன வியாழக்கிழமை போனேன். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகி, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

"பையில எதுக்கு? கிளாஸ்ல குடுங்க."

"கிளாஸ்ல குடுத்தா நீ குடிச்சு முடிக்கற வரைக்கும் நான் நிக்கணும். அதுக்குள்ள ஓட வேண்டி வந்தா?"

காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

"நகருடா பிசாசே, ரோட்டை மறைக்காதே. அவனுங்க வர்றது எனக்குத் தெரியணும்."

நகர்ந்தேன்.