மேஸ்திரிக்கு இரண்டு கோடுகள்

தலையை வலது தோள் பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் இடுக்கை நகத்தால் தடவிப் பார்க்கிறார் மேஸ்திரி. பிறகு, "நேரா இருக்கா பாரு" என்று மனைவியைக் கூப்பிடுகிறார். கலவை குழைத்த கையோடு அந்த அம்மாள் குனிந்து, "இருக்குங்க" என்கிறார். ஒரு டைல்ஸுக்கு இரண்டு சாட்சி.

கூட்டாளிகள் வைத்த பெயர் 'சாய்ஞ்ச மேஸ்திரி'. அவருக்குக் கோபமே வராது. "தலை சாஞ்சா என்ன சார், தரை சாயக் கூடாது."

பல வருஷம் முன்பு சாரத்திலிருந்து விழுந்தவர், தூசியைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தலைக்குள் மட்டும் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தபடியே இருந்திருக்கிறது. அதிலிருந்த இரும்பு மூளையின் மேல் படிந்து, கண்ணை அசைக்கும் நரம்பைக் கெடுத்துவிட்டது. குனிந்தால் எல்லாம் இரண்டிரண்டு. குனிந்தே பிழைப்பவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! "ரெண்டு கோடு தெரியும் சார். எது நான் போட்டதுன்னுதான் தெரியாது."

ஆஸ்பத்திரியில் இரும்பு என்று காதில் விழுந்ததும் மனைவி கீரையை நிறுத்திவிட்டார். பேரீச்சம்பழத்துக்கும் தடை. மூன்று மாதம் கழித்து விஷயம் தெரிந்த டாக்டரம்மா சிரித்தே விட்டாராம். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஆபரேஷன்ல கசிவை அடைச்சாச்சு. படிஞ்சது போகாது, புதுசா படியாம பாத்துக்கலாம். ரெண்டா தெரியறதுக்குக் கண்ணாடி தரேன்."

அந்தக் கண்ணாடி வருவதற்குள் வேலை கொடுப்பவர்கள் நழுவிவிட்டார்கள். நான் குளியலறையை மட்டும் கொடுத்தேன். ஹாலுக்கு வேறு ஆள் பேசி வைத்திருந்தேன். "இது கோணிச்சுன்னா தொழில் சாமானையெல்லாம் வித்துடுறேன் சார்" என்றார் அவர். பிழைப்பு அவருடையது, தரை என்னுடையது.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு குனிந்தவர் கோட்டை நகத்தால் தடவினார். "ஒண்ணுதான் இருக்கு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்ச வரிசைகளை யாரையும் கூப்பிடாமல் அவரே முடித்தார்.

மறுநாள் நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். எங்கும் தேங்காமல், ஒரே ஓட்டமாகச் சாக்கடைத் துளைக்குள் போய் விழுந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஹாலைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நேரே ஹாலுக்குப் போனார், மூலையில் மண்டியிட்டார், ஆணி அடித்து நூலைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார்.