கறுப்படிக்காத ஜன்னல்

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அந்த ஐந்தாம் மாடி வீட்டின் சமையலறை மேசைதான் சாம்பல் நாரையின் பிறந்த வீடு. பறந்து பறந்து ஊரைக் காக்கும் அந்தப் படக்கதை நாயகனை நேட் வரைவான். கறுப்பாக வேண்டிய இடங்களில் சின்னப் பெருக்கல் குறி போட்டுவைப்பான். அவன் மனைவி பெர்ல் அங்கெல்லாம் தூரிகையால் மை நிரப்புவாள். இரவு வானம், சந்து, நாரையின் அங்கி எல்லாம் அவள் கைவேலை. புத்தகத்தில் அவள் பெயர் வந்ததே இல்லை. அவளும் அதற்காக அலட்டிக்கொண்டதில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு மை வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் சேர்ந்தேதான் வரும்.

முகமூடியைக் கழற்றிவிட்டால் நாரைக்கு ஆயிரம் தொல்லை. ஒழுகும் கூரை, நிலைக்காத வேலை, படுத்த படுக்கையான அப்பா. அந்த அப்பாவைத் தேடி நேட் வெகுதூரம் போகவில்லை. பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்த மாமனார் ஹெர்ஷை அப்படியே வரைந்துவிட்டான். தையல் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். எந்தக் குளிரிலும் கழுத்துப் பொத்தானைப் போடமாட்டார்.

"உங்க ஆளுக்குப் பறக்கத் தெரியுது, வரும்போது ஒரு ரொட்டி வாங்கிட்டு வரத் தெரியலையே," என்பார், பக்கங்களை எட்டிப் பார்த்து.

"கையில குழந்தையைத் தூக்கிட்டுல்ல வர்றான், மாமா."

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

இந்தப் பேச்சு அப்படியே நாரையின் அப்பா வாயில் வந்து அச்சாகும். ஹெர்ஷ் படித்துவிட்டு, "இதுல இந்தக் கிழவன் ஒருத்தன்தான் விவரமானவன்," என்பார்.

கதைக் கிழவர் மகனுக்காகக் கட்டிலோர ஜன்னலில் விளக்கேற்றி வைப்பார். கதை எப்போதும் அந்த வெளிச்சத்தில்தான் முடியும். விற்பனை படுத்துப்போனதும், கிழவரைச் சாகடிக்கச் சொன்னார் பதிப்பாசிரியர் மெல். சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் ஹெர்ஷை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேட் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான், நடக்கவில்லை. கிழவர் கண் மூடுவதை வரைந்தான். கடைசிக் கட்டத்தில் ஜன்னலுக்குள் குறி போட்டான். பெர்லின் முகத்தைப் பார்க்காமலே பக்கத்தை அவள் பக்கம் தள்ளினான்.

பெர்ல் வானத்தை நிரப்பினாள், சுவரை நிரப்பினாள். ஜன்னலுக்கு வந்ததும் கை ஓடவில்லை. அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அவர் விளக்கை நானே அணைப்பதா என்று நினைத்தாள். குறியை அழித்தாள். பக்கத்தை உறையில் போட்டு ஒட்டினாள். அவசரத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஹெர்ஷ் குளிர்காலம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, புத்தகம் கடைக்கு வந்த வாரம் போய்ச் சேர்ந்தார். யூத வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடி, தாழ்ந்த முக்காலிகளில் அவர்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது மெல் தொலைபேசியில் வந்தார். ஆறுதலாக ரெண்டு வார்த்தை சொன்னார். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கிழவர்தான் செத்துட்டாரே, விளக்கை யாருய்யா போட்டது? படிக்கிறவங்க போன் மேல போன் போட்டுக் குடையறாங்க. ஆளு இருக்காரா, இல்லையா? நான் என்னன்னு சொல்ல?"

நேட் பெர்லைப் பார்த்தான். அவள் எழுந்துவந்து போனை வாங்கினாள்.

"இருக்காருன்னு சொல்லுங்க."

இத்தனை பேர் தேடும் கிழவரை மெல் சாக விடுவாரா? அடுத்த கதையில் அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ரொட்டி எங்கே என்று கேட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெர்ல் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா என்னைக்கு இப்படிப் பொத்தான் போட்டாரு?" என்று கேட்டவள், வெள்ளை மையை எடுத்துக் கிழவரின் கழுத்துப் பொத்தானை அழித்தாள்.