நூலகச் சுவரில் இரண்டு வரிகள்

வெள்ளிக்கிழமை காலை பல்கலைக்கழக நூலகத்தின் பின்சுவரில் சிவப்புப் பெயின்டில் இரண்டு வரிகள் இருந்தன. ஒரு பெண்ணின் உடலைப் பற்றியவை. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகையில் வேலை செய்த காலத்திலும் இப்படிப்பட்டதை அச்சில் திருப்பிச் சொன்னதில்லை.

அதில் பெண்ணின் சொந்தப் பெயர் இல்லை, 'கார்ட்' பெயர்தான் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு சீனியர்கள் வைக்கும் பட்டப்பெயர் அது. படிப்பு முடியும்வரை வளாகத்தில் அந்தப் பெயர்தான். வீட்டாருக்குத் தெரியாது.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். பின்னாலேயே என்னிடம் இதழியல் படிக்கும் மாணவி ஒருத்தி வந்து கதவைச் சாத்தினாள். கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாப் பிள்ளை.

"மிஸ், அது நான்."

"யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"தெரியா. ஆரும் தேடவும் வாணாம். வாப்பாக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவார். அந்தப் படத்த அழிங்க மிஸ்."

அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.

அவளைச் சொல்லாமல், சுவரைப் பற்றி மட்டும் முறையிட நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் கண்டி டவுன்காரர். "பாதிக்கப்பட்டவங்க வந்து எழுத்துல தரணும் மிஸ். ஆளே தெரியாம எப்படி? சுவரா வந்து முறைப்பாடு குடுக்கும்?"

"சுவர் உங்களோடதுதானே. சேதப்படுத்திட்டாங்கன்னு நீங்களே குடுங்க."

"பத்திரிகைக்காரங்ககிட்ட வாயக் குடுக்கக் கூடாது," என்று சிரித்தார். "சரி, நாளைக்கு பெயின்ட் அடிச்சிருவோம்."

நாளைக்கு என்பதுதான் என்னை உறுத்தியது. வெள்ளிக்கிழமைகளில் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வாப்பா மோட்டார் சைக்கிளில் வருவார். வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோதும் கண் ஜன்னல் பக்கமே போனது. வகுப்பு முடிந்ததும் இறங்கிப் போனேன். அவர் ஏற்கனவே சுவருக்கு எதிரில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

"படிச்ச புள்ளைகள்ட வேலையா மிஸ் இது?" என்று கேட்டார். யாரோ ஒருத்தியைப் பற்றியது என்றே நினைத்திருந்தார்.

அவள் படியிறங்கி வந்தாள். மேல்மாடியிலிருந்து அவளுடைய தோழி, வழக்கம்போல, கார்ட் பெயரைச் சொல்லிக் கத்தினாள்: "ஏய், திங்கக்கிழம நோட்ஸ் கொண்டு வா!"

மகள் கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். வாப்பா மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார். இருவரும் போனார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளை அழைக்கக் கைப்பேசியை எடுத்து எடுத்து வைத்தேன். அழைத்தால் யார் எடுப்பார்கள் என்பதே பயமாக இருந்தது.

திங்கள் காலை சுவர் வெள்ளையாக இருந்தது. வகுப்பில் அவள் இல்லை. நிர்வாக அலுவலகத்துக்கு வரச் சொல்லி எழுதுவினைஞர் அழைத்தார். அங்கே தகப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"முறைப்பாட்டுல புள்ளட சொந்தப் பேரையே எழுதுங்க," என்றார் வாப்பா. "இவ படிப்ப உடப் போறதில்ல. எழுதினவனத் தேடுங்க."

எழுதுவினைஞர் என் பக்கம் திரும்பினார். "சுவர்ல இருந்தத வார்த்தைக்கு வார்த்த போடணும் மிஸ். படம் இருக்குங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். வேறு கைப்பேசிகளில் நிச்சயம் இருக்கும். கேட்டால் யாரும் தரமாட்டார்கள். எனக்கு வரிகள் நினைவிருந்தன. அவள் வாப்பாவுக்கு முன்னால் அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். "நான் சொல்றேன். வாப்பா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர் எழும்பவில்லை. அவள் எழுதுவினைஞரின் பேனையைப் பார்த்தபடி முதல் வரியைச் சொல்லத் தொடங்கினாள்.