திறந்து திறந்து பார்த்த ஜாடி

பீர் என்றால் கடையில் வாங்கிக் குடிக்கிற சாமான் என்றுதான் அறுபது வயது வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒருத்தன் வீட்டுக்குள் வாளியில் ஊற்றி வைத்து, பச்சைப் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேற வேலையைப் பார் என்றிருப்பேன். ஓக் மன்சு அதைத்தான் செய்தான்.

கோஜே தீவில் கப்பல் பட்டறைக்கு எதிரே இருக்கிற அடுக்குமாடி வளாகத்தில், கீழ்த்தளத்தில் என் தொடுகறிக் கடை. கீரை, வறுத்த நெத்திலி, சோயாவில் வெந்த உருளைக்கிழங்கு, காரம் போட்டுப் புளிக்கவைக்கிற கிம்ச்சியில் ஏழெட்டு வகை. வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்களும் சமைத்துப் போட ஆளில்லாதவர்களும் வருவார்கள். மன்சு இரண்டாவது வகை. ஏழாவது மாடி. கப்பல் குழாய்களின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கேயாவது காற்று கசிகிறதா என்று பார்ப்பது அவன் உத்தியோகம். கெட்டிக்காரன் என்று பட்டறையில் பேர்.

அவன் பெண்டாட்டி மிரானும் மகன் தாவுனும் நியூசிலாந்தில் இருந்தார்கள். பையனுக்குப் பதின்மூன்று வயதில், படிப்புக்காக, இரண்டே வருஷம் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள். ஏழு வருஷம் ஓடிவிட்டது. இப்படிக் குடும்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே தனியாகக் கிடந்து சம்பாதித்து அனுப்புகிறவனை எங்கள் ஊரில் 'காட்டுவாத்து அப்பா' என்பார்கள். சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து, ஓரத்து மேசையில் ஊறுகாய் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்து மகனோடு பேசுவான். வீட்டிலிருந்து பேசக் கூடாதா என்று கேட்டால், "வீட்ல பேசினா எதிரொலிக்குதுக்கா" என்பான். சாமான் நிறைந்த வீடு, எங்கே எதிரொலிக்கும்? பேச்சு என்னவென்றால் இவ்வளவுதான்:

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"சாப்பாடு?"

"நல்லா இருக்குப்பா."

"காலேஜு?"

"நல்லாப் போகுதுப்பா."

"ஏன்டா, உன் பையனுக்கு வேற வார்த்தையே கத்துக்கொடுக்கலையா நீ?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். மன்சு போனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையன் வாய் ஓயாமல் பேசினான். பக்கத்து வீட்டில் கிரஹாம் என்று ஒரு கிழவராம். கார் நிறுத்துகிற கொட்டகையில் சொந்தமாகப் பீர் காய்ச்சுவாராம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும்போது குழாயைப் பிடித்துக்கொள்வது இவன் வேலையாம். பையன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். போனை வைத்ததும் மன்சுவின் முகம் காய்ந்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

"அந்தக் கிழவன் அவனுக்கு ஊத்திக் கொடுத்திருப்பானோ, அக்கா?"

அவன் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் வழக்கப்படி, பையன் குடிக்கிற முதல் கிண்ணத்தை அப்பன்தான் ஊற்ற வேண்டும். வேறு எவனிடமாவது குடிக்கக் கற்றுக்கொண்டால் அது அப்பனுக்குத் தலைகுனிவு. அந்த இலையுதிர் காலத்தில் தாவுன் கட்டாய ராணுவச் சேவைக்காக ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பயிற்சி முகாமுக்குப் போவதற்கு முன்னால் சில நாள் அப்பாவோடு இருப்பான். அந்தச் சில நாளில் ஒரு கிண்ணம். மன்சுவுக்கு வேறு ஆசை கிடையாது.

"சரி, நல்ல பீரா வாங்கி ஊத்து" என்றேன்.

"கடைச் சரக்கை எவன் வேணா ஊத்துவான். என் கையால காய்ச்சி ஊத்தணும்."

அடுத்த வாரமே பெரிய பார்சல் வந்து இறங்கிற்று. மூடி போட்ட வாளி, மால்ட் பாகு டப்பா, ஈஸ்ட் பொட்டலம், குழாய். மூடியில் செருக ஒரு வளைந்த சின்னக் குழாய். அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே புளிக்கிற காற்று 'ப்ளப்' 'ப்ளப்' என்று வெளியேறும். காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட் போட்ட மறுநாள் காலையில் கடைக்கு ஓடி வந்தான். "அக்கா, பேசுது!" என்றான். அப்புறம் அவன் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். ராத்திரி தூக்கத்தில்கூட அது கேட்குமாம், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்குமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சத்தம் குறைய ஆரம்பித்ததும் பிடித்தது கவலை. அடியில் வண்டல் படிந்துவிட்டது. தெளிந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டுமா, கூடாதா? இணையத்தில் ஒருத்தன் மாற்றாவிட்டால் நாறும் என்றிருக்கிறான், இன்னொருத்தன் மாற்றினால்தான் கெடும் என்றிருக்கிறான்.

"உன் பையனையே கேளேன்டா, அவனுக்குத்தான் தெரியுமே."

"கேட்டா அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சரியம் இருக்கும்?"

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். "ஏன்டா, அந்தக் கிழவர் பாத்திரம் மாத்துறாருன்னியே, எதுக்கு மாத்துறாரு?"

"அடில வண்டல் இருக்கும்ப்பா. ரொம்ப நாள் அது மேலேயே கிடந்தா வாசனை கெடும். ஆனா மாத்தறப்ப தெறிக்கக் கூடாது, காத்து படக் கூடாது. மாத்தினதுக்கப்புறம் தொடவே கூடாது. திறந்து திறந்து பாத்தோம்னா போச்சு. ஏன்ப்பா கேக்கறீங்க?"

"சும்மாதான்."

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். இவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

மாற்றுகிற அன்றைக்கு ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டான். மிரான் பிளம்ஸ் ஊறல் போட வைத்திருந்த, வாய் அகலமான பெரிய கண்ணாடி ஜாடியைக் கொதிநீர் ஊற்றி ஊற்றிக் கழுவியிருந்தான். மாற்றிய பிறகு குளிர்ச்சியாக வைக்கக் கிம்ச்சிக் குளிர்பெட்டிதான் தோது. அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு டப்பா, அடியில் கால்வாசி கிம்ச்சி.

"என்னடா இது?"

"அவ கடைசியா வந்துட்டுப் போனப்பப் போட்டது."

மிரான் கடைசியாக வந்து போய் மூன்று வருஷம். தினம் கிம்ச்சி தின்கிறவன், என் கடையில் வாங்கித் தின்றுகொண்டு, இந்த மிச்சத்தை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறான். ஜாடிக்கு இடம் வேண்டுமே, எடுத்தாக வேண்டும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். கடைசியில் நான்தான் பிடுங்கிக்கொண்டேன். "என் கடைப் பெட்டியில வைக்கிறேன், எங்கேயும் ஓடிடாது" என்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. குழாயில் பீர் இறங்க முதலில் வாயால் உறிஞ்ச வேண்டும். வாயில் கிருமி இருக்குமே! சோஜுச் சாராயத்தை ஊற்றி வாய் கொப்பளித்தான். போதுமா என்று மறுபடி கொப்பளித்தான்.

"போதும்டா, பாத்திரம் மாத்தறதுக்குள்ள நீயே ஆடிக்கிட்டு விழுந்துடுவே" என்றேன்.

கைக்கு உறை, வாய்க்குத் துணி, என் கைக்கும் உறை. குழாயின் நுனி ஜாடியின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று என்னைப் பிடிக்க வைத்து, "தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று உயிரை வாங்கினான். குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர்கூடத் தடவிப் பார்த்தான்! ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. வண்டல் நெருங்கியதும் நிறுத்தினான். தேன் நிறத்தில் தளதளவென்று ஜாடி நிறைந்து நின்றது. அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

மாற்றினதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அதற்கப்புறம் நடந்தது.

புதுப் பாத்திரத்தில் பீர் பேசவில்லை. புளிப்பெல்லாம் முதல் வாளியிலேயே முடிந்துவிட்டதே, இனி எங்கே குமிழ் வரும்? வேலை விட்டு வருவான், குளிர்பெட்டியைத் திறப்பான், காது வைத்துக் கேட்பான். ஒன்றும் கேட்காது. ஜாடியின் மூடியைத் திறப்பான். மோந்து பார்ப்பான், கரண்டியில் எடுத்து நாக்கில் விடுவான், மூடுவான். மறுநாளும் அப்படியே.

"அறிவிருக்காடா உனக்கு? பையன் என்ன சொன்னான், தொடாதேன்னானா இல்லையா?"

"செத்துப்போச்சோன்னு பயமா இருக்குக்கா."

"பீரு எங்கேயாவது சாகுமா?"

"சத்தமே இல்லையேக்கா."

கப்பல் கப்பலாகக் காற்று கசிகிற இடத்தைத் தேடிப் பிடிக்கிறவன், தன் கையாலேயே தினம் காற்றைத் திறந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அவனுக்குத் திறந்து பார்க்க வேறென்ன இருந்தது என்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

நுரை வரச் சர்க்கரை போட்டுப் பாட்டிலில் அடைக்கிற நாளில் ஒரு வாய் கொண்டுவந்து கொடுத்தான். "ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்குதாக்கா? காத்து பட்டா அப்படி அடிக்குமாம்."

அடித்தது. மழையில் நனைந்த பெட்டியைச் சப்பின மாதிரியேதான் இருந்தது. மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று வளாகத்தில் எனக்குப் பேர். அன்றைக்கு வாய் வரவில்லை. "எனக்கு எல்லாப் பீரும் ஒண்ணுதான்டா, நான் என்னத்தைக் கண்டேன்" என்றேன். மறுபடி காய்ச்ச நாள் இல்லை. பாட்டிலுக்குள் சரியாகிவிடும் என்று அவனாகவே சொல்லிக்கொண்டான்.

தாவுன் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்து, முகாமுக்காகத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு. அன்று சாயந்திரம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, ஓரத்துக் குட்டை மேசையைச் சுற்றித் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மிரானின் அந்தக் கிம்ச்சியைப் பன்றிக்கறியோடு போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் வைத்ததும் பையன் கரண்டியை நிறுத்தினான். "அம்மா போட்டதா?" என்றான். மன்சு காதில் விழாத மாதிரி பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஊற்றினான். பையன் முழங்காலிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து வாங்கினான். பெரியவர் எதிரே குடிக்கும்போது செய்கிற மரியாதையாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

குடித்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கு சுருங்கிற்று, வாய் கோணிற்று. விழுங்கினான். பிறகு, சட்டையை நீவி விட்டுக்கொள்கிற மாதிரி முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, சிரித்தபடி அப்பா பக்கம் திரும்பினான்.

"நல்லா இருக்குப்பா."

"நெசமாவா? இப்படித் திரும்பிக் குடிக்க எங்கேடா கத்துக்கிட்டே?"

"அம்மா தண்ணி கிளாஸ வச்சுப் பழக்கினாங்க. முதல் கிண்ணம் உங்க கையாலதான்னு சொல்லியிருந்தாங்க. கிரஹாம் தாத்தா எத்தனையோ தடவ நீட்டினாரு, நான் வாங்கலை."

மன்சு எழுந்துவிட்டான். இன்னொரு பாட்டில் எடுத்துவருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனவன் வர நேரமாயிற்று. மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. பையன் குனிந்து என்னிடம் கேட்டான்.

"பெரியம்மா, அப்பா தினம் திறந்து பாத்தாரா?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"வாயில வச்சதுமே தெரியுது." கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தினமுமா?"

"தினமும்தான்."

மன்சு வந்தான். பையன் இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினான். "நிறைய ஊத்துங்கப்பா." அன்றைக்கு ஒரு பாட்டில் மிச்சம் வைக்கவில்லை அவன். ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பித்தான் குடித்தான்.

முகாம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, மன்சு நேரே கடைக்குத்தான் வந்தான். குளிர்பெட்டியில் வைத்திருந்த மிச்சக் குழம்பை அடுப்பில் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். ஓரத்து மேசையில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கந்தானே இருந்தீங்க. திரும்பிக் குடிக்கறப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

ஒரு தடவை மழுப்பினது போதும் என்று தோன்றிற்று. "கஷாயம் குடிச்ச மாதிரி சுளிச்சான்டா. ஒவ்வொரு வாய்க்கும். சரிபண்ணிக்கிட்டுத்தான் உன் பக்கம் திரும்பினான்."

"கள்ளப் பய" என்று சிரித்தான். நன்றாகவே சிரித்தான், பெருமையாக. "எனக்குத் தெரியும்க்கா, நானும் குடிச்சேனே. அட்டைப்பெட்டியேதான்." சிரித்துக்கொண்டிருந்தவன் பார்வை, போன் சாய்த்து வைக்கிற ஊறுகாய் ஜாடி மேல் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏழு வருஷமா, அக்கா. ஞாயித்துக்கிழம தவறாம நல்லா இருக்கேன்ப்பா, நல்லா இருக்கேன்ப்பான்னானே."

அந்த ஜாடியைக் கையால் துடைத்தான்.

"அதுவும் இப்படித் திரும்பி நின்னு சரிபண்ணிக்கிட்டுச் சொன்னதுதானோ?"

அடுப்பிலிருந்து கருகல் வாடை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். குழம்பு அடிப்பிடித்துப் போயிருந்தது. கடைச் சாமானெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது, அதையே சோற்றோடு அவன் முன்னால் வைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்குக்கா" என்றான், தலையைத் தூக்காமலே.