ஏழாம் குழாயின் பூஜ்யம்

மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் 'பூஜ்யம் அக்கா'. கேலிப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பதினோரு வருடமாக அவள் குழாய் குழாயாகப் போய்ப் பிடித்து வரும் தண்ணீரில் கிருமி எண்ணிக்கை பூஜ்யம். எப்போதாவது ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

தண்ணீரிலும் உசத்தி தாழ்த்தி உண்டு என்பது அங்கே போனால்தான் தெரியும். வெளியிலிருந்து வருகிற தண்ணீர் தரை கழுவ, கை கழுவ மட்டும். அதன் உப்பை எடுத்து, மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி அனுப்பினால் சுத்திகரித்த தண்ணீர், சிரப்புக்கும் மாத்திரைக்கும் அதுதான். அதையும் காய்ச்சி, ஆவியாக்கி, குளிர வைத்தால் ஊசி மருந்துக்கான தண்ணீர். அது ரத்தத்துக்குள் போகிற சமாசாரம் என்பதால் அதற்கு ராஜமரியாதை. கை பொறுக்காத சூட்டோடு ராப்பகலாகக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தண்ணீரும் அங்கே நிற்கக் கூடாது. நின்றால் கிருமி குடித்தனம் வந்துவிடும்.

"இவ்வளவு சுத்தமா? ஒரு வாய் குடிச்சுப் பாக்கலாமா?" என்று பார்வையாளர் யாராவது கேட்பார்கள்.

"தாராளமா. சப்புன்னு இருக்கும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்பாள்.

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு விதி உண்டு. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு பாட்டிலில் பிடிக்க வேண்டும். சிரப் காய்ச்சுகிறவர்களும் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் தொட்டியில் பிடிப்பார்கள். ஆனால் நம் ஆளுக்கு ஒரு நிமிடம் போதாது. மனத்துக்குள் நூற்றெண்பது வரை எண்ணி, மூன்று நிமிடம் ஓடவிடுவாள். கூடுதலாக ஓடினால் நல்லதுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

தங்கை வீட்டுக்குப் போக அவள் மூன்று நாள் லீவு போட்டபோது, அவள் வேலையைப் பார்த்தவருக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. நடக்கிற இடத்தில் ஓடுவார், பேசுகிற வார்த்தையில் பாதியை விழுங்குவார். மாத்திரைப் பிரிவின் இரவு ஷிஃப்டிலிருந்து மூன்று வருடம் கெஞ்சி இந்தப் பகல் வேலைக்கு வந்தவர். அவர் பிடித்த தண்ணீரை, கிருமி இருந்தால் வளரட்டும் என்று ஐந்து நாள் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்த்தால், சிரப் அறையின் ஏழாம் குழாயில் அறுபத்திரண்டு! தாண்டவே கூடாத எல்லை நூறு. எச்சரிக்கைக் கோடு ஐம்பது.

"துடைச்சிருக்க மாட்டீங்க. இல்லேன்னா பாட்டில் வாயில கை பட்டிருக்கும்" என்றார் ஆய்வக மேலாளர் அம்மா.

"சத்தியமா துடைச்சேன் மேடம். வாட்ச்சைப் பாத்து ஒரு நிமிஷம் விட்டேன்."

யார் நம்புவது? பூஜ்யம் அக்கா மறுபடி பிடித்தாள். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் பூஜ்யம். உள்ளுக்குள் அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைப்பானேன். திங்கட்கிழமை முதல் அவசரத்துக்குப் பழையபடி இரவு ஷிஃப்ட் என்று முடிவாயிற்று. அவர் மெதுவாக நடந்து வெளியே போனார். அவர் மெதுவாக நடந்து அவள் பார்த்ததே இல்லை.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் வழக்கம்போல எண்ணிக்கொண்டு நின்றாள். டம்ளரோடு காத்திருந்த கணவருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்மா, குடிக்கத்தானே? ஆபரேஷனா பண்ணப் போற?"

"முதல்ல வர்றது ஒரு மாதிரி இருக்கும்ங்க. ஓடட்டும்."

"உனக்கென்ன, ஓடவிட்டுக் குடிக்கிற, தேனா இருக்கு. நான் திறந்த உடனே பிடிக்கிறவன். டேங்க் அடியிலேருந்து குழாயில இறங்கி நிக்கிற கசடை தினமும் நான்ல குடிக்கிறேன்!"

அவள் எண்ணிக்கை நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது. சிரப் அறையில் யார் மூன்று நிமிடம் காத்திருக்கிறார்கள்? அவர்கள் பிடிப்பது ஒரு நிமிடத்துத் தண்ணீர். அவசரம் சோதித்தது அதைத்தான். தான் பதினோரு வருடமாகச் சோதித்தது யாருமே பயன்படுத்தாத தண்ணீரை! சொன்னால் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் பிழைப்பு கெடும், குழாயும் அப்படியே கிடக்கும்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளர் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"மேடம், தப்பு அவர் மேல இல்ல, என் மேல. நான் மூணு நிமிஷம் விடுவேன்."

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேருந்து."

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடக் கடவுளே" என்றார். பிறகு சிரப் வேலையை நிறுத்தச் சொன்னார். அவசரத்தின் மாற்றலையும் நிறுத்திவைத்தார். ஏழாம் குழாயில் ஒரு நிமிடத்தில் ஒரு பாட்டில், மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டில். அந்த ஐந்து நாளும் அவளுக்கு ஐந்து யுகம். முடிவு வந்தது: முதல் பாட்டிலில் எழுபத்தொன்று, இரண்டாவதில் பூஜ்யம்.

பிளம்பர் ஏழாம் குழாய்க்குப் பின்னாலிருந்த சுவர்ப் பலகையைக் கழற்றினார். எப்போதோ எடுத்துவிட்ட பழைய இயந்திரத்துக்குப் போன குழாய், ஒரு சாண் நீளம், முனை அடைத்தபடி நின்றது. உள்ளே தண்ணீர் தேங்கி வழவழவென்று பாசி பிடித்திருந்தது; திறந்த முதல் ஒன்றிரண்டு நிமிடம் அந்த அழுக்குதான் கலந்து வந்திருக்கிறது. வெட்டி எறிந்தார்கள். நல்லவேளை, சிரப்பைத் தனியாகச் சோதித்துத்தான் அனுப்புவது வழக்கம். அந்தச் சோதனையின் பழைய ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்ததில் எந்தச் சிரப்பும் கெட்டிருக்கவில்லை. பதினோரு வருடப் பதிவேட்டில் நடந்ததை அவளே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குழாய் சரியான பிறகு அவள் பிடித்தாள், அவசரம் பக்கத்தில் வாட்ச்சோடு நின்றார்.

"அக்கா, ஒரு நிமிஷம் ஆச்சு. பிடிங்க, பிடிங்க!"

"இருங்க, அவசரப்படாதீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஐந்து நாள் கழித்து வந்தது இரண்டு. பூஜ்யம் இல்லை, இரண்டு. அவள் அதை அழகாக எழுதினாள், மதியம் சோறும் நன்றாக இறங்கியது. இப்போது அவளை 'மூணு நிமிஷம்' என்று கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறாள்.

அந்த இரண்டு வந்த நாள் மாலை வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து, எண்ணாமல் கொள்ளாமல் முதலில் வந்த தண்ணீரையே டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"சீ! இதையா இத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"நான் சொன்னா யார் கேக்குறா?"

"பிரஷ் எங்க இருக்கு? எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள், மாடிப்படியில் ஏறிக்கொண்டே. "டேங்கைக் கழுவணும்."